பிக் கிரிட்டின் ஊரில்: மெரிடியன் பயணக் குறிப்புகள்

ஏப்ரல் 10, வியாழன்: அட்லாண்டாவிலிருந்து மெரிடியன்

அக்கா மகனுக்குக் கல்லூரி விடுமுறை. ஃபுளோரிடா பக்கம் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போ என்று அக்கா ஊரிலிருந்து போனில் சொன்னாள். மிசிசிப்பி போகிறோம் என்றேன். "அங்க என்னடி இருக்கு?" என்றாள். ஒரு பாட்டுக்காரர் பிறந்து வளர்ந்த ஊர் இருக்கிறது, அதைப் பார்க்கத்தான் போகிறோம் என்றேன். பையன் பக்கத்திலிருந்து சிரித்தான். அவன் லேப்டாப்பில் ராத்திரி பகலாக பீட், அதாவது ராப் பாட்டுக்கு அடியில் ஓடும் இசை, செய்கிறவன். இந்தப் பயணத்துக்கு அவனைவிட நல்ல துணை கிடைக்காது.

பாட்டுக்காரர் பிக் கிரிட். சொந்தப் பெயர் ஜஸ்டின் ஸ்காட், 1986-இல் மெரிடியனில் பிறந்தவர். ராப் என்றால் நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ், தெற்கே வந்தால் அட்லாண்டா, ஹூஸ்டன், நியூ ஆர்லியன்ஸ் என்றுதான் பேச்சு. இவர் வந்தது சுமார் 35,000 பேர் வாழும் ஒரு ரயில்வே ஜங்ஷன் ஊரிலிருந்து. 2010 மே மாதம் 'கிரிட் வாஸ் ஹியர்' என்ற தொகுப்பை இணையத்தில் இலவசமாக விட்டார். எழுதியது, பாடியது, இசை அமைத்தது எல்லாம் அவரே. பிறகு பெரிய ரெக்கார்டு கம்பெனி வந்தது, ஆல்பங்கள் வந்தன, 2016-இல் அந்தக் கம்பெனியை விட்டு வெளியே வந்து சொந்த லேபிள் தொடங்கினார். அடுத்த வருடம் வந்த 'ஃபாரெவர் இஸ் எ மைட்டி லாங் டைம்' என்ற இரட்டை ஆல்பத்தை அட்லாண்டா டிராஃபிக்கில் ஆபீஸ் போகவும் வரவும் கேட்டுக்கேட்டுத்தான் நான் இவரிடம் விழுந்தேன். கவலை, குடி, பாட்டி, சாமி, கார் என்று ஒரு மனுஷன் ஒளிக்காமல் பேசுகிற ஆல்பம் அது.

காலையில் கிளம்பி ஐ-20-இல் மேற்கே. அலபாமா எல்லை தாண்டியதும் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போய்விடும், அதனால் பசிக்கிற நேரத்துக்கும் சாப்பாட்டு நேரத்துக்கும் பொருத்தமே இல்லை. வழியில் ஒரு பெட்ரோல் பங்க் வாசலில் பெரிய அண்டா வைத்து வேகவைத்த கடலை விற்றுக்கொண்டிருந்தார்கள். தெர்மாகோல் கப்பில் உப்புத் தண்ணீரோடு, மேலே காரப் பொடி தூவி, பெரிய கப் 6 டாலர். தோலை வாயில் வைத்து உறிஞ்சிவிட்டுத்தான் பருப்பைத் தின்ன வேண்டும். காரமான கடலை கிடைத்த சந்தோஷத்தில் பையன் இரண்டு கப் வாங்கிவிட்டான்.

டஸ்கலூசா தாண்டியதும் ஊர்கள் குறைந்து பைன் காடு நெருங்குகிறது. மரக்கட்டை ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக. அங்கேதான் பின்சக்கரம் போனது. உதவிக்குக் காசு கட்டி வைத்திருக்கிற கம்பெனிக்குப் போன் செய்தால், ஆள் வர மூன்று மணி நேரம் ஆகும் என்றார்கள். வெயில் அவ்வளவு இல்லை, ஆனால் காற்றில் ஈரம் அதிகம். பத்து நிமிடத்தில் ஒரு பிக்கப் டிரக் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றது. அறுபது வயது இருக்கும், தொப்பி, தோளில் மரத்தூள். "மேம், நீங்களும் தம்பியும் அந்தப் புல் பக்கம் போய் நில்லுங்க, லாரிக்காரங்க ஓரமா நிக்கிறவங்களைப் பார்க்க மாட்டாங்க" என்றார். ஜாக்கியைக்கூட எங்களிடம் கேட்கவில்லை, தன்னுடையதையே எடுத்து வந்து ஸ்டெப்னியை மாட்டினார். 20 டாலரை நீட்டினேன். வாங்கவில்லை. பையன் கையிலிருந்த கப்பைப் பார்த்து, "அந்தக் கடலையில கொஞ்சம் மிச்சம் இருக்கா?" என்று கேட்டார். முழுக் கப்பையும் கொடுத்தோம். போகும்போது லிவிங்ஸ்டனில் ஒரு டயர் கடைக்கு வழி சொன்னார்.

ஸ்டெப்னியில் மணிக்கு 50 மைல் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. ஊர்ந்து போய்ச் சேர்ந்தோம். ஆணிதான். பஞ்சர் ஒட்ட 15 டாலர், ரொக்கம் மட்டும். கடைக்காரர் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, குளிர்ந்த தண்ணீர் பாட்டில் கொடுத்து, எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். மெரிடியன் என்றதும், அங்கே யாராவது உடம்பு சரியில்லையா என்றார். இந்தப் பக்கத்து ஜனங்கள் பெரிய ஆஸ்பத்திரிக்கு மெரிடியனுக்குத்தான் போகிறார்களாம். பாட்டுக்காரர் பேரைச் சொன்னேன். தலையை ஆட்டி, "என் மகனைக் கேட்டா சொல்வான்" என்றார்.

இருட்டுகிற நேரத்தில் மெரிடியன். ஹைவே ஓரம் ஒரு மோட்டல், வரியோடு 68 டாலர். நடத்துகிறவர்கள் வயதான குஜராத்தித் தம்பதி. "கானா காயா, பேட்டா?" (சாப்பிட்டாயா, மகளே?) என்று பெரியம்மா கேட்ட கேள்விக்கே பாதி களைப்பு போய்விட்டது. அறைக்கு இரண்டு தட்டில் கிச்சடி வந்தது. அதற்குக் காசு வாங்கவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி: டவுன்டவுன்

காலையில் மேகமூட்டம். ஊருக்குள் நடந்தே சுற்றினோம்.

மெரிடியனை ரயில்தான் உண்டாக்கியது. இரண்டு ரயில் பாதைகள் வெட்டிக்கொண்ட இடத்தில் முளைத்த ஊர். 1864 பிப்ரவரியில் ஜெனரல் ஷெர்மனின் படை வந்து தண்டவாளத்தைப் பிடுங்கி, கிடங்குகளைக் கொளுத்தி, ஊரையே இல்லாமல் செய்தது. திரும்பக் கட்டினார்கள். 1910-களிலும் 1920-களிலும் மிசிசிப்பியிலேயே பெரிய நகரம் இதுதான். அந்தக் காலத்தின் கடைசியில் எழுந்த 16 மாடி த்ரீஃபுட் கட்டடம் இன்றும் நடு ஊரில் நிற்கிறது. பல வருடம் பாழடைந்து கிடந்து, இப்போது ஹோட்டல் ஆகிவிட்டது. அதைச் சுற்றி இரண்டு தெரு தள்ளினால் பூட்டிய கடைகள், பலகை அடித்த ஜன்னல்கள். நடுவில் ஒரு முடிதிருத்தும் கடை மட்டும் காலை ஒன்பது மணிக்கே நிரம்பி வழிகிறது. ரயில்வே, ஆஸ்பத்திரிகள், ஊருக்கு வெளியே கடற்படை விமானிகளுக்குப் பயிற்சி தரும் தளம், சில ஆலைகள். இவைதான் இங்கே வேலை.

தெருவெங்கும் வண்ணம் அடித்த குதிரைச் சிலைகள். ஹைலேண்ட் பார்க்கில் நூறு வருடத்துக்கும் மேலாகச் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு ராட்டினம் இருக்கிறது, மரத்தில் செதுக்கிய மிருகங்களோடு. அதன் நினைவாகத்தான் இந்தக் குதிரைகள். வங்கி வாசலில் ஒன்று, வக்கீல் ஆபீஸ் வாசலில் ஒன்று. பையன் ஒன்று விடாமல் படம் எடுத்தான்.

2018-இல் திறந்த மிசிசிப்பி கலை அருங்காட்சியகம், ஊரார் 'தி மேக்ஸ்' என்கிறார்கள், ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. எல்விஸ் பிரெஸ்லி, ப்ளூஸ் பாடகர் பி.பி. கிங், வில்லியம் ஃபாக்னர், யுடோரா வெல்டி, ஓப்ரா என்று ஒரே மாநிலத்திலிருந்து இத்தனை பேர். அமெரிக்காவின் ஏழை மாநிலங்களில் முதல் வரிசையில் இருப்பது மிசிசிப்பி. பாட்டுக்கும் எழுத்துக்கும் மட்டும் இங்கே பஞ்சமே வந்ததில்லை. டிக்கெட் கொடுத்த அம்மா, "எங்கிருந்து வர்றீங்க, ஹனி?" என்று ஆரம்பித்து, எந்த அறையை முதலில் பார்க்க வேண்டும், எங்கே உட்கார வேண்டும் என்று வரைபடத்தில் பேனாவால் வட்டம் போட்டுக் கொடுத்தார்.

நான் அதிக நேரம் நின்றது ஜிம்மி ராட்ஜர்ஸ் முன்னால். மெரிடியன்காரர், 1897-இல் பிறந்தவர். ரயிலில் பிரேக் ஆளாக வேலை பார்த்தவர். காசநோய் வந்து ரயில் வேலை போனது. 1927-இல் டென்னஸி மாநிலத்து பிரிஸ்டல் ஊரில் பாட்டுப் பதிவு செய்யப் போனார். ஆறே வருடத்தில் அமெரிக்கக் 'கன்ட்ரி' இசையின் தந்தை என்ற பெயரோடு செத்தும் போனார், வயது 35. கடைசிப் பதிவுக்கு நியூயார்க் போனபோது, ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே கட்டிலில் படுத்து எழுந்து பாடியிருக்கிறார். ரயில்வேயில் கூட வேலை செய்த கறுப்பினத் தொழிலாளிகளிடம் ப்ளூஸ் கேட்டு வளர்ந்த வெள்ளைக்காரர். அதே ஊரில் தொண்ணூறு வருடம் கழித்து ஒரு கறுப்பினப் பையன் பிறந்து, கறுப்பின மக்களின் பழைய சோல் இசை ரெக்கார்டுகளை வெட்டி ஒட்டிப் பாட்டு செய்கிறான். இந்தக் கோட்டைத் தொட்டுப் பார்க்கத்தான் நான் வந்தேன். அது புத்தகத்தில் தெரிவதைவிட, ரயில் சத்தம் கேட்டுக்கொண்டே நிற்கும்போது நன்றாகத் தெரிகிறது.

மதியம் வைட்மன்ஸ் ஓட்டலில் சாப்பாடு. சுவிட்சர்லாந்திலிருந்து வந்த ஒருவர் 1870-இல் தொடங்கியது. மேஜைக்கு மேஜை ஒரு சின்ன மண்ஜாடியில் வேர்க்கடலை வெண்ணெய், பக்கத்தில் உப்பு பிஸ்கட். இரண்டாம் உலகப் போரில் வெண்ணெய் தட்டுப்பாடு வந்தபோது வைத்த பழக்கம், போர் முடிந்தும் எடுக்கவில்லை. பச்சைத் தக்காளி வறுவல், கெளுத்தி மீன், வெண்டைக்காய். கடைசியில் பிளாக் பாட்டம் பை என்ற சாக்லேட் பலகாரம், அடியில் இஞ்சி பிஸ்கட். டிப்ஸோடு 61 டாலர். விலை கொஞ்சம் அதிகம்தான். வெண்டைக்காயைச் சோளமாவில் புரட்டிப் பொரித்திருந்த பக்குவத்துக்குக் கொடுக்கலாம்.

சாயங்காலம் பீவி கம்பெனி இருக்கும் பக்கம் காரில் போனோம். ஹார்ட்லி பீவி என்ற உள்ளூர்க்காரர் 1965-இல் தொடங்கிய ஆம்ப்ளிஃபயர் கம்பெனி, இன்றும் தலைமையகம் மெரிடியன்தான். விலை குறைவாக, கீழே விழுந்தாலும் உடையாத மாதிரி செய்து கொடுத்ததால், கையில் அதிகம் காசில்லாத இசைக்குழுக்களுக்கும் சர்ச்சுகளுக்கும் இவர்களுடைய ஆம்ப்தான் தோது. உற்பத்தியில் பெரும்பகுதி இப்போது வெளிநாட்டில். பையன் வாசலில் நின்று அந்த முத்திரையைப் பார்த்துவிட்டு, "சித்தி, நம்ம ஊர்ல கச்சேரியில பார்த்திருக்கேன் இதை" என்றான். சத்தத்தைப் பெரிதாக்கும் பெட்டி செய்கிற ஊரில்தான் கிரிட் வளர்ந்திருக்கிறார்.

ஏப்ரல் 12, சனி: டிக்கியும் டொர்னேடோவும்

காலையில் பெரியம்மாவின் மசாலா டீ. பெரியவர் டிவியில் வானிலை பார்த்துக்கொண்டே, "இன்னைக்கு ராத்திரி தூங்கும்போது செருப்பைக் கட்டில் பக்கத்திலேயே வச்சுக்கோங்க" என்று இந்தியில் சொன்னார். அப்போது வெயில் பளீரென்று அடித்தது.

ஊரின் தெற்குப் பக்கம் ஒரு கார் கழுவும் இடம். நாலு தடுப்பு, காசு போட்டால் தண்ணீர் வரும் வகை. எங்கள் வண்டியில் மஞ்சள் மகரந்தம் ஒரு படலமாகப் படிந்திருந்ததால் போனோம். பக்கத்துத் தடுப்பில் பழைய செவர்லே கப்ரீஸ் ஒன்று, திராட்சை நிறம், பெரிய சக்கரங்கள். அதன் சொந்தக்காரருக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். துணியை மடித்து மடித்து, ஒவ்வொரு மடிப்பையும் ஒரே தரம்தான் கண்ணாடியில் தேய்த்தார். பையன் நேராகப் போய், "சார், டிக்கியில என்ன போட்டிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டான். எனக்குப் பக்கென்றது. அவருக்கோ முகம் மலர்ந்துவிட்டது.

டிக்கியைத் திறந்தார். தரை விரிப்புத் துணி ஒட்டிய மரப்பெட்டி, அதில் 15 அங்குல சப்-ஊஃபர் இரண்டு, பேஸ் என்கிற அடித்தொனிக்கான பெரிய ஸ்பீக்கர்கள். பக்கவாட்டில் ஆம்ப்ளிஃபயர் இரண்டு. தனியாக இன்னொரு பாட்டரி, ஏனென்றால் எஞ்சின் பாட்டரி தாங்காது. பெட்டியை அவரே அறுத்து ஒட்டினாராம். எவ்வளவு கன அடி, காற்று வெளியேறும் வாய் எவ்வளவு அகலம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது, ஸ்பீக்கர் விலையில் இல்லை என்றார். பின்னால் நம்பர் பிளேட்டைத் தொட்டுக் காட்டினார். தகட்டுக்கும் உடம்புக்கும் நடுவே கறுப்பு நுரைப் பட்டை வெட்டி ஒட்டியிருந்தார், திருகாணிகளுக்கு அடியில் ரப்பர் வளையம். அது இல்லாவிட்டால் பேஸ் அடிக்கும்போது தகரம் கடகடவென்று ஆடிப் பாட்டைக் கெடுத்துவிடும். "சத்தம் வேற, அதிர்வு வேற, மேம். சத்தம் எல்லாரும் போடலாம்" என்றார்.

என்ன போடட்டும் என்று கேட்டார். கிரிட் என்றேன். என்னை ஒரு தரம் பார்த்தார், புடவைக் கடைக்குப் போகிற மாதிரி ஒரு பெண் இப்படிக் கேட்பதை எதிர்பார்த்திருக்க மாட்டார். "எங்க ஊர்ப் பையன்!" என்றவர், தன் போனில் தேடக்கூட இல்லை, முதல் விரலிலேயே எடுத்துவிட்டார்.

கோயில் திருவிழாவில் தவிலுக்கு அருகே நின்றால் அடி காதில் விழுவதற்கு முன் நெஞ்சுக்கூட்டில் விழுமே, அதே மாதிரி இருந்தது. பகல் வெளிச்சத்திலும் முன்விளக்கு ஒவ்வொரு அடிக்கும் மங்கி மங்கி எரிந்தது. பையன் டிக்கி மூடியில் ஒரு கால் டாலர் நாணயத்தை வைத்தான். அது நடந்து போய்க் கீழே விழுந்தது. நான் வருடக் கணக்காகக் கேட்ட பாட்டுதான் அது. என் காரின் சின்ன ஸ்பீக்கரில் அதன் அடிப்பகுதியே எனக்குக் கேட்டதில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. கிரிட் ஏன் சப்-ஊஃபரைப் பற்றியே ஆல்பத்துக்கு ஆல்பம் பாட்டு எழுதுகிறார் என்பதும் புரிந்தது. பெரிய அரங்கம் இல்லாத ஊரில் கார்தான் அரங்கம். எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் டிக்கிக்குள் நல்ல பெட்டி ஒன்று வைத்துக்கொண்டால், தெருவே வந்து கேட்கும்.

2010-இல் அந்தத் தொகுப்பு வந்தபோது இவர் ஒரு கிடங்கில் வேலையில் இருந்தாராம். யாரோ இறக்கி, சிடியில் போட்டுக் கொடுத்து, ஷிஃப்ட் முடிந்து வாகன நிறுத்தத்தில் எல்லாக் காரிலும் அதே பாட்டு. "எங்க பேச்சுல பேசினான் மேம். அட்லாண்டாக்காரன் மாதிரி பேச முயற்சி பண்ணல." அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். தண்ணீர் டப்பாவில் காசு போட விடாமல் தன் காசையே போட்டார்.

மதியம் சாப்பிட்டது பெட்ரோல் பங்க்குக்குள்ளேயே. மிசிசிப்பியில் நல்ல கோழி வறுவல் பல சமயம் பங்க்கில்தான் கிடைக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள், உண்மைதான். கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்குக்கு அடியில் துண்டுகள். மூன்று துண்டு, உருளைக்கிழங்கு வறுவல், ஒரு பன், 7 டாலர் 49 சென்ட். கவுன்டரில் இருந்த அம்மா, "அது ஆறிப் போச்சு பேபி, இரு" என்று சொல்லி, புதிதாகப் பொரித்த ஈடு வரும்வரை எங்களை நிறுத்திவைத்தார். ஐஸ் டீயில் மட்டும் சர்க்கரையைக் கொட்டிவிடுகிறார்கள், பாதித் தண்ணீர் கலந்தால்தான் குடிக்க முடிகிறது.

சாயங்காலம் ஆறு மணிக்கு வானம் பச்சையும் சாம்பலுமாகத் திரும்பியது. எட்டரைக்கு இருவர் போனும் ஒரே நேரத்தில் அலறின. டொர்னேடோ என்ற சுழல்காற்று வருகிறது என்ற எச்சரிக்கை. ஒரு நிமிடத்தில் ஊர்ச் சங்கும் ஊத ஆரம்பித்தது. பெரியவர் கதவு கதவாகத் தட்டி எல்லோரையும் துணி துவைக்கும் அறைக்குக் கூட்டிப் போனார், கான்கிரீட் சுவர், ஜன்னல் கிடையாது. மின்கம்பி வேலைக்கு வந்த தொழிலாளிகள் நாலைந்து பேர், ஒரு தாயும் கைக்குழந்தையும், நாங்கள். கரண்ட் போனது. மழை கூரையில் இறங்கிய சத்தத்தில் குழந்தை அழுதது கேட்கவில்லை, வாய் திறந்திருப்பது மட்டும் டார்ச் வெளிச்சத்தில் தெரிந்தது. தொழிலாளி ஒருவர் தன் ஹெல்மெட்டைக் கழற்றி அந்தத் தாயிடம் கொடுத்தார். அவர் யாரும் சொல்லாமலே செய்தார், பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

பயத்தைப் போக்கப் பையன் என்னிடம் பேசிக்கொண்டே இருந்தான். கிரிட் ஆரம்பத்தில் பீட் வாங்கக் காசில்லாமல், பிளேஸ்டேஷனில் ஓடும் எம்டிவி மியூசிக் ஜெனரேட்டர் என்ற விளையாட்டு மென்பொருளிலேயே பீட் செய்து பழகினார் என்று சொன்னான். "அதுல வசதி ரொம்பக் கம்மி சித்தி. அதுல செஞ்சு பழகினவனுக்கு அப்புறம் எதுவும் கஷ்டமா இருக்காது." இலவசத் தொகுப்புகளில் பழைய சோல் பாட்டுகளிலிருந்து இஷ்டத்துக்குத் துண்டுகள் எடுத்துப் போட முடிந்தது. கம்பெனி ஆல்பம் என்றதும் ஒவ்வொரு துண்டுக்கும் உரிமை வாங்க வேண்டும். முதல் கம்பெனி ஆல்பமான 'லைவ் ஃப்ரம் தி அண்டர்கிரவுண்ட்' தள்ளித் தள்ளி 2012 ஜூனில்தான் வந்தது. அதில் துண்டுகளைக் குறைத்து, வாத்தியக்காரர்களை வைத்து வாசிக்கச் செய்திருந்தார். பில்போர்டு பட்டியலில் ஐந்தாம் இடம். ஆனாலும் பலருக்கு இலவசமாக வந்ததுதான் இன்றும் உயிர். எனக்கும்தான்.

"உன் பீட்ல போட்டிருக்கிற அந்த எண்பதுகள் பாட்டுக்கு யார்கிட்ட உரிமை வாங்குவே?" என்று கேட்டேன். இருட்டில் பதில் இல்லை. இளையராஜா பாட்டு உரிமைக்காக அனுப்பிய நோட்டீஸ்கள் நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்தவை.

ஒரு மணி நேரம் கழித்துச் சங்கு நின்றது. ஊருக்கு வடக்கே போய்விட்டது என்றார்கள். இதை எழுதும்போது கரண்ட் வரவில்லை, போனில் 11 சதவீதம்.

ஏப்ரல் 13, ஞாயிறு: சர்ச்சும் ஒரு கல்லறையும்

மோட்டல் வாசலில் முறிந்த கிளைகள். காற்று திடீரென்று சில்லென்று ஆகிவிட்டது, ஸ்வெட்டர் கொண்டுவராததால் பெரியம்மாவின் சால்வையை வாங்கிப் போர்த்திக்கொண்டேன்.

கார் கழுவும் இடத்தில் பார்த்தவர் தன் சர்ச்சுக்கு வரச் சொல்லியிருந்தார். கறுப்பின மக்களின் சின்ன பாப்டிஸ்ட் சர்ச், செங்கல் கட்டடம். வெள்ளைக் கையுறை போட்ட அம்மா ஒருவர் எங்களை முன்வரிசைக்கே கூட்டிப் போனார். விருந்தாளிகள் எழுந்து நில்லுங்கள் என்றார்கள், எழுந்தோம், கைதட்டினார்கள். மேடையில் ஆர்கன், டிரம்ஸ், பேஸ் கிதார். பேஸ் ஆளுக்கு இருபது வயதுகூட இருக்காது. அவர் காலடியில் இருந்த ஆம்ப் பீவி, ஓரம் தேய்ந்து மரம் தெரிந்தது. பிரசங்கம் சூடேற ஏற, போதகர் சொல்லி நிறுத்துகிற ஒவ்வொரு இடத்திலும் ஆர்கன் ஒரு பதில் சொன்னது. பேச்சு எங்கே முடிந்து பாட்டு எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியவில்லை. பையன் என் காதில், "இதுதான் சித்தி, இரண்டாவது சிடி முழுக்க இதுதான்" என்றான். அந்த இரட்டை ஆல்பத்தில் முதல் பாதி பிக் கிரிட், இரண்டாம் பாதி ஜஸ்டின் ஸ்காட். முதல் பாதி டிக்கிக்காக. இரண்டாம் பாதி இந்தப் பலகையில் உட்கார்ந்தவர்களுக்காக. நான் அப்படித்தான் கேட்கிறேன்.

வாசலில் இளைஞர் குழுவின் பயணச் செலவுக்குச் சாப்பாடு விற்றார்கள். கெளுத்தி மீன், கீரை, சோளமாவு உருண்டை, ஒரு துண்டு கேக், 12 டாலர். கீரையில் புகைபோட்ட இறைச்சி வாசம். இந்தப் பயணத்தில் சாப்பிட்டதில் இதற்குத்தான் முதலிடம்.

பிற்பகல் ஊருக்கு வெளியே ஒகாட்டிபி சர்ச் கல்லறைக்குப் போனோம். ஜேம்ஸ் சேனி அங்கே இருக்கிறார். மெரிடியன் பையன். கறுப்பின மக்களுக்கு ஓட்டுரிமை கேட்டு வேலை செய்ததற்காக 1964 ஜூன் 21 இரவு, நியூயார்க்கிலிருந்து வந்த ஷ்வெர்னர், குட்மன் இருவரோடு சேர்த்து, பக்கத்து நெஷோபா மாவட்டத்தில் கு க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலின் ஆட்களால் கொல்லப்பட்டார். வயது 21. உடல்கள் ஒரு மண் அணைக்குள் 44 நாள் கழித்துக் கிடைத்தன. மிசிசிப்பி மாநிலம் ஒருவரைத் தண்டித்தது 2005-இல்தான். கல்லறைக் கல்லைத் திரும்பத் திரும்ப ஆட்கள் வந்து சேதப்படுத்தியதால், அது சாயாமலிருக்கப் பின்னால் இரும்புத் தாங்கிகள் கொடுத்திருக்கிறார்கள். அந்த இரும்பைத் தொட்டேன், மழைக்குப் பிறகு ஜில்லென்றிருந்தது. கிரிட் பிறந்தது இந்தக் கொலை நடந்து 22 வருடத்தில். அடிமை வாழ்வைப் பற்றி அவர் எழுதி, பி.பி. கிங்கையும் பாட வைத்த பாட்டு ஒன்று முதல் கம்பெனி ஆல்பத்தில் இருக்கிறது. பார்ட்டிப் பாட்டு கேட்கும் கம்பெனிக்கு அதைக் கொடுக்கத் துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சல் வந்த இடத்தைப் பார்த்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

வேறு யாரும் அங்கே இல்லை. பேசாமல் காருக்குத் திரும்பினோம்.

ஏப்ரல் 14, திங்கள்: திரும்பும் வழி

அறைக் கணக்கு முடிக்கப் போனால், கரண்ட் இல்லாத ராத்திரிக்கு வாடகை வேண்டாம் என்று பெரியவர் பிடிவாதமாக இருந்தார். சால்வையைத் திருப்பிக் கொடுக்கவும் பெரியம்மா விடவில்லை.

வழி நெடுக வாக்குவாதம். பையன் கட்சி: 2010-இல் இலவசமாக விட்டால் ஜனங்கள் இறக்கி வைத்துக்கொண்டார்கள், பேர் பரவியது, அடுத்த வருடமே ராப் பாடகர் கெண்ட்ரிக் லாமரோடு ஒரே பத்திரிகை அட்டையில் புதுமுகமாக வந்தார், இன்று எல்லாமே ஸ்ட்ரீமிங், இலவசம் என்பதற்கு மதிப்பே இல்லை. என் கட்சி வேறு. அவர் 2005 வாக்கிலிருந்தே தொகுப்புகள் விட்டுக்கொண்டிருந்தார், உலகம் திரும்பிப் பார்க்க ஐந்து வருடம் ஆனது. அந்த ஐந்து வருடமும் யாரும் கேட்காத காலத்தில் அவர் ஹூஸ்டன்காரர் மாதிரியோ அட்லாண்டாக்காரர் மாதிரியோ மாறவில்லை. யுஜிகே, அவுட்காஸ்ட் போன்ற தெற்கத்தி முன்னோர்களிடம் கற்றுக்கொண்டார், பாட்டை மெரிடியன் பேச்சிலேயே சொன்னார். கம்பெனிக்குள் இருந்த ஆறு வருடத்தில் பெரிய வானொலி ஹிட் எதுவும் வரவில்லை. வெளியே வந்து சொந்தமாகச் செய்த ஆல்பம்தான் அவர் செய்ததிலேயே சிறந்தது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"அப்ப கம்பெனி வேண்டாம்கிறீங்களா சித்தி?" என்றான்.

"கம்பெனி இல்லாம இருந்திருந்தா பி.பி. கிங் கிடைச்சிருப்பாரா தெரியலடா. ஆனா கம்பெனிய விட்டு வெளிய வர்றதுக்கு, திரும்பிப் போக ஒரு சத்தம் கைவசம் இருக்கணும். அவர்கிட்ட இருந்தது."

பர்மிங்ஹாமில் நிறுத்தி பார்பெக்யூ சாண்ட்விச், ஆளுக்கு 9 டாலர், சாஸ் கொஞ்சம் புளிப்பு. சாப்பிட்டுக்கொண்டே லேப்டாப்பைத் திறந்து, அந்த எண்பதுகள் பாட்டுத் துண்டை அவன் பீட்டிலிருந்து எடுத்துவிட்டான். அந்த இடத்தில் தன் கீபோர்டில் வாசித்த நாலு சுரம். ஹெட்போனை நீட்டினான். முன்னதைவிட நன்றாக இல்லை என்று சொன்னேன். "தெரியும் சித்தி, இன்னும் ரெண்டு வாரம் ஆகும்" என்று மூடி வைத்தான்.